திருச்செந்தூர் பேருந்தில் வந்த சந்தனம்

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குறையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த வாரத்தில், அழுவதற்கு முன்னால் நான் செய்த காரியம், ஒரு பட்டியலை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியது.

அதில் பதினொரு வரிகள். எந்தக் கையில் ஊசி போடவிடக் கூடாது, மருந்து ஏறிய பின் எந்த நாட்களில் கூட்டத்துக்குள் போகக் கூடாது, காய்ச்சல் எவ்வளவு தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது போன்றவை. ஏழாவது வரி, முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டும், சிகிச்சை முடிந்ததும் திரும்ப வளரும் என்றது.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான்காம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும் வேகத்தில் பதினொரு வரிகளையும் வாசித்தாள். பிறகு ஏழாவது வரிக்குத் திரும்பி வந்து அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது எல்லாருக்குமா, சில பேருக்கா?"

"இந்த மருந்துக்கு எல்லாருக்கும்தாம்மா."

"சரி" என்றாள். விரலை எடுக்கச் சற்று நேரம் ஆனது.

அந்த விரலைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா பிறந்தது பாளையங்கோட்டையின் பழைய சபைக் குடும்பங்களில் ஒன்றில். அந்த வீட்டில் பூ கிடையாது, பொட்டு கிடையாது, கலியாணத்துக்குப் பிறகு தாலிச் செயின் தவிர நகை கிடையாது. கைக்கடிகாரம் உண்டு. நேரம் தவறாமை பக்தியைச் சேர்ந்தது என்பதால் அதற்கு அனுமதி. புடவையில் ஜரிகை ஒரு விரல் அகலத்தைத் தாண்டினால் அதை யாராவது கவனிப்பார்கள். முடி மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது கடையில் வாங்கியதில்லை, யாரும் பூட்டிவிட்டதில்லை, கர்த்தர் கொடுத்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அம்மாவின் சடை முழங்காலைத் தொடும். சனிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, முடியை முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னால் விரித்துப் போட்டுக்கொண்டு பரீட்சைத்தாள் திருத்துவாள். ஞாயிற்றுக்கிழமை ஒற்றைச் சடை. சபையில் யாருக்காவது அம்மாவை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் 'சடை டீச்சர்' என்றால் போதும்.

எனக்கு அப்பாவின் முடி. எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் ஒரு அத்தை என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, ஒங்கம்மைக்கு நீதான் மகளா? எலிவால்லா தொங்குது" என்பாள். கல்லூரியில் சேர்ந்ததும் தோளோடு வெட்டிக்கொண்டேன். பட்டறையில் இயந்திரங்களுக்கு நடுவே நீள முடி ஆபத்து என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை.

அறுவை சிகிச்சை முடிந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சபையில் அம்மா சொல்லியிருந்தது 'சின்ன ஆபரேஷன்' என்று மட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபக்குறிப்பில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதச் சொன்னாள். ஜெபக்குறிப்பில் சர்க்கரை என்று எழுதலாம், முழங்கால் என்று எழுதலாம், கர்ப்பப்பை என்றுகூட எழுதிவிட்டார்கள். இந்த இடத்தின் பெயரை எழுதி, அதை ஒருவர் சத்தமாக வாசித்து, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வதை அம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்கள் மூவரையும் தவிர அவளுடைய அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் மருந்து ஏறிய பதினேழாம் நாள் காலையில் தலையணை உறையைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்குக் காட்டவில்லை.

"அந்த மிஷின எடுத்துட்டு மாடிக்கு வாங்க" என்றாள் அப்பாவிடம்.

அவள் முடி காயப் போடும் அதே நாற்காலி. முதலில் நான் சடை பின்னினேன். இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டு, மேலே கத்தரித்தேன். கையில் வந்தது இவ்வளவு கனமா என்று இருந்தது. மிச்சத்தை அப்பா தாடி வழிக்கும் மிஷினால் எடுத்தார். நடுவில் நிறுத்தி, "ஏளா, வலிக்கா?" என்றார்.

"முடி வலிக்குமாக்கும்? போடுங்க."

முடித்துவிட்டு அப்பா இரண்டடி பின்னால் போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டு வருசமா எனக்கே தெரியல பாரு. இவ அப்படியே ஒன்னைய உரிச்சு வச்சிருக்கா" என்றார்.

நான் கைபேசியில் முன்பக்கக் கேமராவைத் திறந்து எங்கள் இருவர் முகத்துக்கும் நேரே பிடித்தேன். அதே நெற்றி, காதுக்கு முன்னால் அதே எலும்பு. இருபத்தேழு வருடமாக எல்லோரும் சடையை மட்டும் பார்த்திருக்கிறார்கள், நானும்தான். அம்மா ஒரு விநாடி பார்த்துவிட்டுத் துண்டால் தலையை மூடிக்கொண்டாள். "போதும்."

தரையில் கிடந்ததை நான் பெருக்கும்போது, "கர்வப்பட்டேன்லா, அதான்" என்றாள், விளக்குமாற்றிடம் சொல்வதுபோல.

சில நாட்கள் கழித்துத்தான் முழுவதையும் சொன்னாள். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசையாக எழுந்து, நடு வழியில் நடந்து, பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் முழங்காற்படியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டும்.

"எல்லாரும் சடையத்தான் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும் மக்கா. நடக்கும்போது ஒரு எட்டு பைய, மெதுவா வைப்பேன். திருவிருந்துக்குப் போற வழியில. அங்கன போயும் எனக்கு அந்த நெனப்பு."

அதனால் ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்பது அவள் முடிவு. நான் மறுத்தேன். வயது, ஹார்மோன், மரபணு என்று காரணங்களை வரிசையாகச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்காத கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் மாணவியை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை. நாங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். இரண்டு முதல் ஞாயிறுகள் தப்பிப்போயின. பதினைந்து வயதில் திடப்படுத்தல் பெற்று முதன்முதலாகத் திருவிருந்து எடுத்த நாளிலிருந்து, நான் பிறந்த மாதத்தைத் தவிர, அவள் திருவிருந்தைத் தவறவிட்டதில்லை. வீட்டுக்கே வந்து தருகிறேன் என்று குருவானவர் தொலைபேசியில் சொன்னதற்கு, "நானே வருதேன் ஐயா, அடுத்த மாசம்" என்றாள். நான்காவது மருந்துக்குப் பின் உடம்பு தேறும் வாரத்தில்தான் அந்த ஞாயிறு வந்தது. வெள்ளைப் புடவையை எடுத்து வைத்தாள். முக்காடு நழுவாமலிருக்க உள்ளே ஒரு துணித் தொப்பி, காதோரம் இரண்டு சேஃப்டி பின். குனிந்து நிமிர்ந்து, முழங்காற்படியிட்டு, தலையை அண்ணாந்து, நான்கு விதத்திலும் என் முன்னால் சோதித்துப் பார்த்தாள். நான் 'சரி' என்று சொல்லும்வரை விடவில்லை.

அந்த ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை, ஆழ்வார்திருநகரியில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள். பெரியம்மாவுக்கு நடக்க முடியாது. கார் பிடிக்கலாம் என்றேன்.

"கார்ல போயி எறங்கினா அவ பயந்துருவா. நடமாட முடியுதுன்னு காட்டத்தான போறேன்."

பட்டியலின்படி அன்று கூட்டம் ஆகாத நாளும் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். போகும்போது பேருந்து காலியாக இருந்தது. திரும்பும்போது மாலை நாலு மணி. ஆழ்வார்திருநகரியில் நாங்கள் ஏறியது திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பேருந்து. முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் குடும்பங்களால் நிறைந்திருந்தது. பாதித் தலைகள் மொட்டை. பெரியவர்கள், சிறுவர்கள், கைக்குழந்தைகள், எல்லாத் தலையிலும் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் மடியில் மொட்டைக் குழந்தையுடன் ஒரு இளம்பெண். நான் அவர்களுக்குப் பின் இருக்கையில்.

கருங்குளம் தாண்டியதும் காற்று. அக்கா வீடுதானே என்று அம்மா அன்று தொப்பியும் வைக்கவில்லை, பின்னும் குத்தவில்லை. புடவைத் தலைப்பு நழுவித் தோளில் விழுந்தது. அவள் பிடித்து இழுப்பதற்குள் அந்தக் குழந்தை கையை நீட்டி அம்மாவின் தலையில் தட்டியது. பிறகு தன் தலையில் தட்டியது. திரும்ப அம்மாவின் தலை.

"ஏ சும்மாரு" என்று குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண் சிரித்தாள். "எக்கா, நீங்களும் முருகனுக்குத்தானா?"

பின்னால் இருந்து எனக்கு அம்மாவின் பக்கவாட்டு முகம் மட்டும் தெரிந்தது.

"ஆமா" என்றாள் அம்மா.

"என்ன வேண்டுதல்?"

"ஒடம்புக்கு முடியாம இருந்துச்சு."

"போட்டாச்சுல்லா, இனி எல்லாம் சரியாப் போயிரும்க்கா. சந்தனம் வைக்கலையா? வெயிலுக்கு மண்டை காந்துமே." பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். மிச்சச் சந்தனம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அம்மாவின் தலையில் நெற்றியிலிருந்து பிடரிவரை உள்ளங்கையால் தடவினாள். அக்கறையாக, ஒரு இடம் விடாமல்.

நான் பாதி எழுந்துவிட்டேன். பட்டியலின் ஒன்பதாவது வரி, மருத்துவரைக் கேட்காமல் தலையில் எதையும் தடவக் கூடாது என்பது. ஆனால் அம்மா கண்ணை மூடியிருந்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் தலையை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. நான் உட்கார்ந்துகொண்டேன்.

"ஒங்களுக்கு மண்டை நல்ல உருண்டையா அம்சமா இருக்குக்கா. எல்லாருக்கும் மொட்டை இப்படி அமையாது. எங்க வீட்டுக்காரரப் பாருங்க, ஒடச்ச தேங்கா மாதிரி."

"ஏளா, இங்கன கேக்கு" என்றது மூன்று இருக்கை தள்ளி ஒரு குரல்.

"கேக்கட்டும்னுதான சொல்லுதேன்!"

பேருந்தே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். சத்தமாக. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாளை பேருந்து நிலையத்தில் இறங்கினோம். குழந்தைக்குக் கையாட்டத் திரும்பிய அம்மா தலைப்பை இழுத்துவிட மறந்திருந்தாள். எதிரே குடையும் காய்கறிப் பையுமாக எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலில் எங்களுக்குப் பின் வரிசையில் உட்காருபவர். பன் ரொட்டி அளவுக்கு ஒரு கொண்டை அவருக்கு உண்டு. அதில் ஒரு முடி பிசகி யாரும் பார்த்ததில்லை.

"டீச்சர்..." என்றார். பார்வை அம்மாவின் தலைக்குப் போனது. மொட்டை, அதில் சந்தனம். "எங்க போயிட்டு வாரீங்க?"

"ஆழ்வார்திருநகரிக்கு அத்தை, பெரியம்மாவைப் பாக்க" என்றேன் நான்.

அவர் எங்களுக்குப் பின்னால் நின்ற பேருந்தின் பலகையை வாசித்தார். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். "சரி சரி" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையைக் கழுவுவாள் என்று நினைத்தேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மறுதலிச்சிட்டேன் மக்கா."

"என்னம்மா?"

"அந்தப் பிள்ள கேட்டுது, ஆமான்னுட்டேன். என் ஆண்டவரத் தெரியாதவ மாதிரி." பிறகு, "இல்லைன்னா ஏன் மொட்டைன்னு சொல்லணும்லா. சொன்னா அவ மூஞ்சி மாறிரும். நல்லாச் சிரிச்சிட்டு இருந்தா" என்றாள்.

"அவ சங்கடப்படக் கூடாதுன்னுதான சொன்ன? அது எப்படிம்மா மறுதலிப்பு ஆகும்?"

"அது மட்டும் இல்ல." சந்தனம் காய்ந்த தலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "அவ அழகுன்னா. எனக்கு அது பிடிச்சிருந்துது. மொட்டையாகியும் கர்வம் போகல பாரு. ஞாயித்துக்கிழமை நான் வரல."

வெள்ளைப் புடவையை எடுத்து மறுபடியும் பீரோவில் வைத்தாள். வியாழனும் வெள்ளியும் நானும் அப்பாவும் சொல்லிப் பார்த்தோம். எங்களுக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோனது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செயலாளர் அத்தை வீட்டுக்கு வந்தார். கையில் வேதப்புத்தகம், நாலு ஆரஞ்சுப் பழம். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். அப்பாவும் நானும் முன்னறையில்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார். "கஷ்டம் வந்தா மனுசனுக்கு மனசு அங்கன இங்கன போவத்தான் செய்யும்."

"எங்க போவுது?" என்றார் அப்பா.

"கடற்கரைப் பக்கம்..."

"தூத்துக்குடிக்கா?"

"அங்க இல்ல அண்ணாச்சி. இன்னும் தெக்க."

"மணப்பாட்டுக்கா? அங்க எங்களுக்கு யாரு இருக்கா?"

"ஐயோ அண்ணாச்சி, வெளியவே சொல்லிருதேன். டீச்சர் திருச்செந்தூர்ல போயி மொட்டை போட்டுட்டு வந்திருக்காங்கள்லா. என் கண்ணால பாத்தேன். யார்ட்டயும் இன்னும் சொல்லல. ஒங்ககிட்ட மொதல்ல பேசிட்டு, சேந்து ஜெபிப்போம்னுதான் வந்தேன்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். உடனே நிறுத்திக்கொண்டார். எனக்கும் அதே கணத்தில் விளங்கியது. இல்லை என்று சொன்னால் பின் எதற்கு மொட்டை என்ற கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா எங்களிடம் வாக்கு வாங்கியிருந்தாள். சொல்லாமல் விட்டால், நாற்பது வருடம் ஜெபித்த பெண் விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று சபை நினைக்கும். அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளறைக் கதவைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. அம்மா தலையில் துணி இல்லாமல் வந்தாள். அத்தைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் திருச்செந்தூருக்குப் போகல. ஆனா போனேன்னு ஒருத்திகிட்டச் சொன்னேன். ரெண்டையும் கேட்டுக்கிடுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு மார்புல கேன்சர்க்கா. இடது பக்கம் எடுத்தாச்சு. மருந்துக்கு முடி போயிருச்சு." அந்த வார்த்தைகளை அவள் வாயிலிருந்து நானே முதல் முறையாகக் கேட்டேன். பேருந்தில் நடந்ததைச் சொன்னாள். பிறகு, நானோ அப்பாவோ எதிர்பார்க்காதபடி, அதையும் சொன்னாள்.

"திருவிருந்துக்குப் போகும்போது ஒரு எட்டு பைய வைப்பேன்க்கா. சடைய எல்லாரும் பாக்கட்டும்னு. நீங்க பின்னாலதான இருப்பீங்க, பாத்திருப்பீங்கல்லா. அதுக்குத்தான் ஆண்டவர் எடுத்துட்டார்."

மேசைமேல் நான் வைத்த காப்பியில் ஆடை படிந்தது.

"பாத்தேன்" என்றார் அத்தை கடைசியில். "வாரவாரம் பாத்தேன். பிரசங்கம் ஒண்ணும் காதுல ஏறாது. இதுல பாதி எனக்குத் தந்திருக்கக் கூடாதா ஆண்டவரேன்னு இருக்கும்."

அவர் கை தலைக்குப் பின்னால் போனது. ஒரு ஊசியை உருவி மேசையில் வைத்தார். பிறகு இன்னொன்று. எண்ணாமல் இருக்க எனக்கு வராது; மொத்தம் ஆறு. ஆறாவது ஊசிக்குப் பின் கொண்டை முழுசாகக் கையோடு வந்தது. அதைக் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். தலையில் மிச்சமிருந்தது எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு.

"சவுரி" என்றார். "பதினெட்டு வருசமாச்சு. இது மூணாவது. ஒன் சடையப் பாத்துட்டுத்தான் மொதல்ல டவுன்ல போயி வாங்கினேன்."

அப்பா எழுந்தார். "நான் போயி பால் வாங்கிட்டு வாரேன்." ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

அம்மா அந்தக் கொண்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முடியைப் பற்றித் தெரிந்தவளின் கை அது. "நல்ல முடிக்கா. மெல்லிசா, ஒரே சீரா இருக்கு."

"கடைக்காரன் திருப்பதி முடின்னு சொல்லித்தான் தந்தான்."

அம்மா நிமிர்ந்தாள். அவள் கண்ணில் ஏதோ ஏறுவதைப் பார்த்தேன். "அப்போ யாரோ நேந்துக்கிட்டுக் குடுத்த முடியத்தான் பதினெட்டு வருசமாக் கோயிலுக்குக் கொண்டு வாரீங்களா?"

அதற்குப் பிறகு இருவரும் சிரித்த சிரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. அம்மா இடது பக்கத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தா பாரு" என்றார் அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டு. 'டீச்சர்' போய் எப்போதோ 'நீ' வந்திருந்தது. "கர்வத்துக்கு முடிய எடுக்கதுன்னா, பொறாமைக்கு என்ன எடுக்கது? மொதல்ல எனக்குல்லா எடுத்திருக்கணும்."

"எடுக்கதுக்கு ஒங்ககிட்ட என்னக்கா இருக்கு?"

"பாத்தியாட்டி ஒங்கம்மைக்கு வாய!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு அப்படிக் கணக்கு வச்சு எடுக்கவரு இல்ல. எனக்கு அது தெரியும். ஒனக்கும் தெரியும். பயத்துல மறந்துட்ட."

நான் இரண்டு மாதமாகச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் நான் காரணங்களோடு சொன்னேன். அவர் கொண்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

போகும்முன் ஜெபிக்கலாமா என்று கேட்டார். "பேரச் சொல்லியே ஜெபிக்கட்டா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

அத்தை தன் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார். அம்மாவின் தலையை மூட நான் துண்டு எடுக்கப் போனேன். அத்தை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அந்த மொட்டைத் தலைமேல் தன் உள்ளங்கையை வைத்தார். மார்பு என்றார், கேன்சர் என்றார், தையல் என்றார். எங்கள் முன்னறையில் அந்தச் சொற்கள் அரிசி, உப்பு என்பவைபோல விழுந்தன. முடிக்கும்போது, "அந்தப் பஸ்ஸுல வந்த பிள்ளையவும் அதோட குழந்தையவும் ஆசீர்வதியும் ஆண்டவரே, அந்தப் பிள்ள எங்களுக்கு முந்தி இந்தத் தலையில கை வச்சிருக்கு" என்றார். அம்மா 'ஆமென்' என்றாள்.

அத்தை போனதும் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் மேசைமேல் எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை அம்மா வெள்ளைப் புடவையில் வந்தாள். தொப்பி இல்லை, பின் இல்லை, எல்லாப் பெண்களையும் போல வெறும் முக்காடு. எங்கள் வழக்கமான வரிசை. பின் வரிசையில் அத்தை. கொண்டை வழக்கம்போல பன் ரொட்டி அளவில் இருந்தது. எனக்கு ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடம் சுமந்ததை ஒரே நாளில் இறக்கி வைக்கச் சொல்ல நான் யார்? தோளோடு முடி வெட்டிக்கொண்டதன் மறு பாதி உண்மையை நானே இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

திருவிருந்துக்கு வரிசை எழுந்தது. அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். பைய நடந்தாள். பலவீனமா பழக்கமா என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. கிராதியில் என் இடப்பக்கம் அம்மா, அவளுக்கு அந்தப் பக்கம் அத்தை. உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்து அப்பம் வாங்கினாள். பிறகு குருவானவர் பாத்திரத்தோடு வந்தார். அம்மா தலையை அண்ணாந்தாள். வீட்டில் நான்கு விதமாகச் சோதித்துப் பார்த்தது தொப்பியோடும் பின்னோடும். இப்போது இரண்டும் இல்லை. முக்காடு மெதுவாக நழுவித் தோளில் விழுந்தது.

ஜன்னல் வெளிச்சம் அவள் தலைமேல் நேராக விழுந்தது. அத்தையின் கை முக்காட்டை எடுத்துவிட நீண்டது. அம்மா தலையை மட்டும் லேசாக அசைத்தாள். கிடக்கட்டும் என்று. பாத்திரத்தில் குடித்தாள். குருவானவர் அவள் தலையைப் பார்த்தார், சொல்ல வேண்டிய வார்த்தைகளை மட்டும் சொல்லி அத்தையிடம் நகர்ந்தார்.

எழுந்து திரும்பினோம். சபை முழுவதும் எங்களுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தது. அம்மா நடக்கத் தொடங்கவில்லை. அவள் பார்வை அத்தையின் தலையில் இருந்தது.

"எக்கா, சித்த நில்லுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "ஊசி வெளிய தெரியுது."

அத்தை நின்றார். அம்மா கையை உயர்த்தி அந்தக் கொண்டையூசியை உள்ளே தள்ளி, மேலே ஒருமுறை தட்டிச் சரிசெய்தாள். பிறகு முக்காடு தோளிலேயே கிடக்க, எங்கள் வரிசையை நோக்கி நடந்தாள்.